குடும்பிமலைக்குச் சீமெந்துப் படி வேண்டாம், வழிகாட்ட ஊரவர் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

எங்கள் மட்டக்களப்பு மாவட்டத்துக் குடும்பிமலை ஏறப் போகும் இளம் பிள்ளைகளின் தொகை கொஞ்சக் காலமாகக் கூடிக்கொண்டே வருகிறது. சனி, ஞாயிறு காலையில் கிரான் சந்தியில் நின்றால் தெரியும். மட்டக்களப்பு, ஏறாவூர், வாழைச்சேனை, கல்முனை என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் மோட்டார் சைக்கிளில் வந்து, கடையில் பணிஸும் தண்ணீர்ப் போத்தலும் வாங்கிக்கொண்டு மேற்கே திரும்புகிறார்கள். எனக்கு இது உண்மையிலேயே சந்தோஷம். நீண்ட விடுமுறை வந்தால் எல்ல, நுவரெலியா என்று செங்கலடியால் பதுளை வீதிக்கு வேன் பிடித்து ஓடுகிற நாங்கள், எங்கள் வயல் வட்டையில் நின்று பார்த்தாலே தெரிகிற மலையை இவ்வளவு காலமும் யாருடையதோ என்ற மாதிரித்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அந்தப் பிள்ளைகளுக்காகவும் அந்த மலைக்காகவும்தான் இதை எழுதுகிறேன். மலைக்குப் படி கட்ட வேண்டும், இரும்புக் கைபிடி போட வேண்டும், மேலே ஒரு கோபுரம் மாதிரிக் கட்டிவிட்டால் உல்லாசப் பயணிகள் குவிவார்கள் என்று இப்போது எங்கள் பக்கத்தில் பேச்சு அடிபடுகிறது. நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்தக் காசைச் சீமெந்தில் கொட்ட வேண்டாம். மலையடியில் காலங்காலமாக இருக்கிற ஊரவர்களுக்குப் பயிற்சி கொடுத்து, அவர்களுக்கு ஒரு கூலியும் வைத்து, ஏற வருகிற ஒவ்வொரு குழுவையும் அவர்களே கூட்டிக்கொண்டு போய்க் கூட்டிக்கொண்டு வருகிற ஒரு ஒழுங்கைச் செய்யுங்கள். இதுதான் என் வேண்டுகோள்.

இளையவர்களுக்காகக் கொஞ்சம் பழங்கதையும் சொல்ல வேண்டும். வெள்ளைக்காரர் காலத்தில் பாரன்ஸ் கப் என்றும், சிங்களத்தில் தொப்பிகல என்றும் சொல்லப்படுகிற இந்த மலை, போர்க்காலத்தில் செய்தியில் மட்டும் வந்துகொண்டிருந்த இடம். 2007 ஜூலையில் இராணுவம் அதைப் பிடித்தது. அதற்கு முன்னும் பின்னும் அந்தப் பக்கத்துச் சனங்கள் எத்தனை தரம் பெட்டி படுக்கையோடு எழுந்து ஓடினார்கள், எத்தனை பட்டி மாடுகள் காட்டோடு போயின என்பது கிரான் பக்கத்து எந்தக் குடும்பத்தைக் கேட்டாலும் தெரியும். பிறகு கண்ணிவெடி அகற்றும் வேலை வருடக் கணக்கில் நடந்து, 2017இல்தான் மட்டக்களப்பைக் கண்ணிவெடி அற்ற மாவட்டம் என்று அறிவித்தார்கள். எங்கள் வயதுக்காரர்களுக்கு அந்த மலையில் கால் வைக்கவே கிடைக்கவில்லை. இப்போது கிடைத்திருக்கிறது. கிடைத்ததைக் கெடுத்துவிடக் கூடாது என்ற பயம் எனக்கு இருக்கிறது. (அறிவித்தாயிற்று என்றாலும் காட்டில் கிடக்கிற இரும்புத் துண்டு எதையும் கையில் எடுக்காதீர்கள், காலால் தட்டாதீர்கள் என்று என் வீட்டுப் பிள்ளைகளுக்கு இன்னும் சொல்கிறேன். உங்கள் பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள்.)

கடந்த வருடம் வெயில் காலத்தில் நடந்த ஒன்றைச் சொன்னால்தான் நான் ஏன் வழிகாட்டி, வழிகாட்டி என்று நிற்கிறேன் என்பது விளங்கும். ஒரு தனியார் வகுப்பிலிருந்து க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளைச் சுற்றுலாவாகக் கூட்டி வந்திருந்தார்கள். முப்பது பேர் அளவில் இருக்கும். பஸ் பிந்தி, வழியில் சாப்பாட்டுக்கு நின்று, அவர்கள் ஏறத் தொடங்கும்போது பத்தரை மணி. நாங்கள் சில பேர் அப்போது இறங்கி வந்துகொண்டிருந்தோம். காடு முடிந்து வெறும் பாறை தொடங்குகிற இடத்தில் ஒரு பிள்ளை இருந்துவிட்டது. முதலில் களைப்பு என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். முகத்தைத் தொட்டால் கொதிக்கிறது, வியர்வை இல்லை, பெயரைக் கேட்டால் சம்பந்தமில்லாமல் எதையோ சொல்கிறது. கூட வந்த பெரியவர்கள் இரண்டு பேரும் செய்வதறியாமல் நின்றார்கள், அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை, ஆனால் முப்பது பிள்ளைகளுக்கும் சேர்த்து மிச்சமிருந்த தண்ணீர் ஒரு போத்தலில் பாதி. அது மன்னிக்கக் கூடிய விஷயமில்லை.

அந்தப் பிள்ளையைக் காப்பாற்றியவர்கள் கீழே வாடிக் குடிலில் இருந்த, மாடு மேய்க்கிற பட்டிக்காரர்கள். சத்தம் கேட்டு இரண்டு பேர் கானில் தண்ணீரோடு ஓடி வந்தார்கள். பிள்ளையை நிழலுக்கு இழுத்து, உடுப்போடு நனைத்து, தொப்பியால் விசிறி, பிறகு இரண்டு சாரத்தை இரண்டு நீளக் கம்பில் கோர்த்து அதில் கிடத்தித் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். எந்த வழியால் இறங்கினால் மரநிழல் விடாமல் வரும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. கீழே உழவு இயந்திரப் பெட்டியில் வைக்கோல் பரப்பி ஏற்றி, 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அடித்து, வீதியில் அம்புலன்ஸ் வந்து எதிர்கொண்டது. பிள்ளை தப்பிவிட்டது. அந்த இரண்டு பேருக்கும் யாரும் ஒரு தேத்தண்ணீர்கூட வாங்கிக் கொடுக்கவில்லை, அவர்கள் அதை எதிர்பார்க்கவும் இல்லை, மாட்டைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

சின்ன மலைதானே என்ற நினைப்புத்தான் இங்கே ஆபத்து. சிவனொளிபாத மலை 2,243 மீற்றர். குடும்பிமலை அதில் கால்வாசி அளவுக்குக்கூட வராது. அதனால் பள்ளிப் பிள்ளைகள்கூடச் செருப்போடு ஏறலாம் என்று நினைத்துவிடுகிறார்கள். ஆனால் உயரத்தை மட்டும் வைத்துக் கணக்குப் பார்க்க முடியாது. ஆயிரம் மீற்றர் மேலே போனால் ஆறு, ஆறரை பாகை சூடு குறையும், அதனால்தான் நுவரெலியாவில் ஸ்வெட்டர் போடுகிறோம். சிவனொளிபாதத்துக்கும் இரவில், குளிரில்தான் ஏறுகிறோம். குடும்பிமலை எழும்புவதே கடல் மட்டத்துக்குக் கிட்டிய தரையிலிருந்து. உச்சிக்குப் போனாலும் இரண்டு மூன்று பாகைதான் குறையும், அதையும் பாறையில் அடித்துத் திரும்புகிற வெயில் தின்றுவிடும். ஆனி, ஆடியில் கச்சான் காற்று அடிக்கிறபோது நிலைமை இன்னும் மோசம். அந்த வறண்ட காற்றில் வியர்வை வருகிறதே தெரியாமல் காய்ந்துபோகும், தாகமும் பிந்தித்தான் தெரியும், தலை சுற்றும்போதுதான் பலர் தண்ணீரைத் தேடுகிறார்கள்.

ஆகவே வெளிச்சம் வந்தவுடன் ஏறத் தொடங்கி, ஒன்பதரை பத்துக்குள் மர நிழலுக்கு இறங்கிவிட வேண்டும். ஆளுக்கு மூன்று லீற்றர் தண்ணீர், கட்டாயம். பையில் தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற ஜீவனி உப்புத்தூள் பக்கற் இரண்டு. பாட்டா செருப்பு வேண்டாம், பிடிமானமுள்ள சப்பாத்து வேண்டும், நீளக் கால்சட்டை வேண்டும். இதெல்லாம் ஒரு பலகையில் எழுதிக் கிரான் சந்தியிலேயே வைக்கலாம், பெரிய செலவில்லை. சரி, பலகையை எத்தனை பேர் வாசிப்பார்கள்? அதனால்தான் ஆள் வேண்டும் என்கிறேன். பத்தரை மணிக்கு வருகிற பஸ்ஸைப் பார்த்து, "இன்றைக்கு ஏற விடமாட்டோம், நாளைக்கு விடிய வாருங்கள்" என்று சொல்லக்கூடிய ஒருவர் மலையடியில் இருந்திருந்தால் அந்தப் பிள்ளைக்கு அந்தப் பாடு வந்திருக்காது.

இனி இந்தப் படி விஷயம். எங்கள் கிழக்குக் கரையோரச் சமவெளியில் அங்கொன்றும் இங்கொன்றுமாக எழும்பி நிற்கிற இந்த மலைகள் எல்லாம் மிகப் பழைய பாறை, புவியியலாளர்கள் விஜயன் தொகுதி என்று சொல்வது, நூறு கோடி வருடம் அளவில் வயது. சுற்றியிருந்த மென்மையான பகுதி எல்லாம் அரித்துப் போக எஞ்சி நிற்கிற வன்பாறை இது. பகல் வெயிலிலும் இரவுக் குளிரிலும் மாறி மாறிக் கிடந்து, மேல்பக்கம் வெங்காயத் தோல் மாதிரித் தகடு தகடாகக் கழன்று வரும். ஏறுகிறவர்கள் இதைக் காலடியிலேயே பார்க்கலாம், சில இடத்தில் மிதித்தால் உள்ளே வெறுமையாக இருப்பதுபோல் ஒரு சத்தம் கேட்கும். அந்தத் தகட்டின் மேல் சீமெந்துப் படியைக் கட்டினால் படி நிற்கும், தகடு நிற்காது. இரும்புக் கம்பியை இறக்கினால் அது துருப்பிடிக்கும், துருப்பிடித்த இரும்பு பருக்கும், பருத்தால் பாறையை வெடிக்க வைக்கும். ஐந்தாறு மாரி போனபின் ஆடுகிற கைபிடியை நம்பி ஒரு பிள்ளை சாய்ந்தால் என்ன ஆகும்? கைபிடி இல்லாத பாறையில் எல்லோரும் பயந்து கவனமாக ஏறுவார்கள், ஆடுகிற கைபிடியில் கவனமில்லாமல் ஏறுவார்கள்.

அதோடு படி கட்டினால் கல், மணல், சீமெந்து ஏற்ற வீதி வேண்டும். வீதி போட்டால் பாலையும் வீரையும் முதிரையும் வெட்டுப்படும். முதிரை ஒரு மரம் பருக்க எத்தனை வருடம் ஆகும் என்று தச்சு வேலை செய்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். 1978 சூறாவளி எங்கள் மாவட்டத்து மரங்களை எப்படி முறித்துப் போட்டது என்று எங்கள் தாய் தகப்பன் சொல்லிக் கேட்டிருக்கிறோம். அதற்குப் பிறகு தலையெடுத்த காட்டை நாங்களே வெட்டி வீழ்த்தலாமா?

மலையகத்தில் பீக்கோ ட்ரெயில் என்று 300 கிலோமீற்றருக்கு மேல் ஒரு நடைபாதையை 22 பகுதியாகப் பிரித்து அடையாளப்படுத்தியிருக்கிறார்கள். பெரும்பாலும் தோட்டத்துப் பழைய பாதைகள்தான். அடையாளக் கம்பமும் வரைபடமும் வைத்தார்கள், உலகம் முழுவதிலுமிருந்து நடக்க வருகிறார்கள். சீமெந்து இல்லாமல் இது நடக்கும் என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டுமா?

யானை விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். கிரானிலிருந்து மலைக்குப் போகிற வழியில் புலிபாய்ந்தகல் தாண்டினால் வீதியிலேயே எந்த நேரமும் யானை நிற்கலாம். பொழுது படவும் விடியவும் அவை குளத்துக்கும் வயலுக்கும் போய் வருகிற நேரம். எங்கள் பிள்ளைகள் சூரிய உதயத்தை உச்சியில் நின்று படம் எடுக்க வேண்டும் என்று இரவு மூன்று மணிக்கு மோட்டார் சைக்கிளில் அந்த வீதியால் போகிறார்கள். இது நிச்சயமாக நிற்க வேண்டும். ஒரு தரம் அந்தப் பக்கத்து ஐயா ஒருவரோடு ஏறப் போனபோது, பாதை தொடங்கி ஐந்து நிமிடத்தில் கையைக் காட்டி எங்களை நிறுத்தினார். எங்கள் கண்ணுக்கு ஒன்றும் படவில்லை. அவர் ஒரு வீரைக் கொப்பைக் காட்டினார், முறிந்த இடத்தில் பச்சை ஈரம் காயவில்லை. பிறகு குனிந்து, பாதையோரம் கிடந்த யானை லத்தியின் மேல் புறங்கையை வைத்துப் பார்த்தார். சூடு இருந்தது போலும், ஒன்றும் பேசாமல் எங்களைத் திருப்பிக்கொண்டு வந்து, வாடியில் ஒரு மணித்தியாலம் இருத்தி, பிறகு வேறு பக்கத்தால் கூட்டிப் போனார். எந்தப் போனில் எந்த வரைபடத்தைப் போட்டுப் பார்த்தாலும் இது வராது. அந்த ஐயாவுக்கு இதற்கு ஒரு நாள் கூலி கிடைத்தால், அவருடைய பேரனும் கட்டாருக்குப் போகாமல் இந்த வித்தையைப் பழகுவான்.

குப்பையைப் பற்றி எழுதக் கோபம் வருகிறது, இருந்தாலும் எழுதுகிறேன். உச்சிக்குக் கீழே பாறைக் குழிகளில் மாரி மழைத் தண்ணீர் தேங்கி நிற்கும். பறவையும் குரங்கும் அதைத்தான் குடிக்கும். போன பங்குனியில் அதில் மிதந்தவை நூடில்ஸ் கடதாசி, சொப்பிங் பை, பிறந்த நாள் பலூன். மலையடியில் இன்னும் மோசம், பியர் போத்தலைப் பாறையில் அடித்து உடைத்துவிட்டுப் போகிறார்கள். அன்றைக்கு ஒரு பட்டிக்காரர் எருமைக் கன்று ஒன்றை நிலத்தில் சாய்த்து, முழங்காலால் அமத்திப் பிடித்துக்கொண்டு, அதன் குளம்பு இடுக்கிலிருந்து பச்சைக் கண்ணாடித் துண்டொன்றை ஊசியால் மெல்ல மெல்லக் கிளப்பி எடுத்தார். "தண்ணி குடிக்கப் போன கண்டு, காலப் போத்தல் வெட்டிட்டு தம்பி" என்றார், அவ்வளவுதான். திட்டவில்லை. சந்திவெளியிலும் கிரானிலும் நாங்கள் வண்டியை நிறுத்திச் சட்டி சட்டியாக வாங்குகிற தயிர் இந்த எருமைகளின் பாலில்தான் வருகிறது. மீன்பாடும் தேனாடு என்று நாங்கள் பெருமை பேசுகிற தேனும் இந்தக் காட்டிலிருந்துதான் வருகிறது. ஊருக்குள் நுழையும்போதே எத்தனை போத்தல், எத்தனை பை கொண்டு போகிறீர்கள் என்று எண்ணி எழுதி, திரும்பி வரும்போது அதே எண்ணிக்கையைக் காட்டினால்தான் முற்பணத்தைத் திருப்பிக் கொடுப்பது என்று வைக்கலாம். இதைச் செய்ய ஒரு கொப்பியும் பேனையும் போதும்.

எங்கள் சனத்துக்கு இந்த ஒழுங்கெல்லாம் சரிவராது என்று சிலர் சொல்வார்கள். நான் ஏற்க மாட்டேன். கதிர்காமப் பாதயாத்திரையைப் பாருங்கள். வெருகல் பக்கத்திலிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் நடந்து, மட்டக்களப்பு, திருக்கோவில், பொத்துவில், பாணமை என்று கரையோரமாகப் போய், உகந்தையில் முருகனைக் கும்பிட்டு, குமண காட்டுக்குள் இறங்கிக் கதிர்காமம் போகிற சனங்கள் யார்? எங்கள் அம்மம்மாக்கள். காட்டுக்குள் தனியாகப் போவதில்லை, முன்னால் ஒருவர் பின்னால் ஒருவர் என்று வழி தெரிந்தவர் நிற்பார்கள், தண்ணீர் எங்கே கிடைக்கும் எங்கே கிடைக்காது என்று தெரியும், இருட்ட முன் தங்குமிடத்துக்கு வந்துவிடுவார்கள். வழிநெடுகத் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் தண்ணீரும் சாப்பாடும் கொடுப்பார்கள். யானையும் கரடியும் இருக்கிற காட்டை எழுபது வயது மனிசி வெறுங்காலோடு கடந்து வருகிறாள் என்றால் அது இந்த ஒழுங்கால்தான். அதே ஒழுங்கைத்தான் நான் ஒரு காலைப் பொழுதுக்குக் கேட்கிறேன்.

பொறுப்பில் இருக்கிறவர்களுக்கு என் யோசனை இவ்வளவுதான். முதலில் யாரிடம் அனுமதி கேட்பது என்பதைத் தீர்மானித்துச் சொல்லுங்கள். இப்போது ஒரு அலுவலகத்தில் கேட்டால் இன்னொன்றைக் காட்டுகிறார்கள், அங்கே போனால் விடுமுறை என்கிறார்கள், அலுத்துப்போன பிள்ளைகள் கேட்காமலே ஏறிவிடுகிறார்கள். பிரதேச செயலகம், பிரதேச சபை, வன இலாகா, வனஜீவராசிகள் திணைக்களம் எல்லோரும் சேர்ந்து ஒரே இடத்தில் ஒரு பதிவுப் புத்தகம் வையுங்கள். யார், எத்தனை பேர், எத்தனை மணிக்கு ஏறினார்கள், இறங்கிவிட்டார்களா என்பது அதில் இருக்கட்டும். ஊரிலிருந்து ஆண்களும் பெண்களுமாகப் பத்துப் பதினைந்து பேரைத் தெரிவு செய்து, முதலுதவி, வெப்பத் தாக்கம், பாம்புக்கடி, கயிறு கட்டுவது என்று சில நாள் பயிற்சி கொடுங்கள். ஒரு தூக்குக் கட்டிலும் நல்ல கயிறும் மலையடியில் இருக்கட்டும், சாரத்தை நம்பி எத்தனை நாள் இருப்பது? ஒரு குழுவுக்கு இவ்வளவு என்று கூலியைப் பலகையில் எழுதுங்கள், அதில் ஒரு பங்கு ஊர்ச் சங்கத்துக்குப் போகட்டும். மாதர் சங்கத்தவர்கள் இளநீரும் தாமரை இலையில் கட்டிய சோறும் விற்கட்டும். மாரியில், அதாவது ஐப்பசி கடைசியிலிருந்து தை வரை, மலையை மூடிவிடுங்கள். எப்படியும் கிரான் வீதியில் வெள்ளம் ஏறி, ஊரவர்களே தோணியில் போய் வருகிற காலம் அது, பாறையும் பாசி பிடித்து வழுக்கும்.

இந்த ஊரவர்களுக்கு அந்த வெள்ள வீதியைச் சரிக்கட்டிக் கொடுப்பதும் நீண்ட காலக் கோரிக்கை. படிக்கட்ட ஒதுக்குகிற காசு ஏதும் இருந்தால் அதை அங்கே போடுங்கள். ஏற வருகிறவர்களுக்கு வருடத்தில் சில மாதம்தான் அந்த வீதி வேண்டும், அங்கே பிரசவத்துக்கும் பள்ளிக்கும் போகிறவர்களுக்கு எல்லா நாளும் வேண்டும்.

வருகிற பங்குனிக்கு முன் இதற்கு ஒரு கூட்டம் கூட்டினால் போதும், இந்தக் கோடையிலேயே தொடங்கலாம். கூட்டத்தைக் கச்சேரி (மாவட்டச் செயலக) மண்டபத்தில் வைக்காமல் மலையடி ஊரில் வையுங்கள். பட்டிக்காரர்களையும் கட்டாயம் கூப்பிடுங்கள். அவர்கள் பால் கறந்து கொடுத்து முடிய ஒன்பது மணியாகும், அதற்குப் பிறகு வைத்தால்தான் வருவார்கள்.

இப்படிக்கு,
சித்தாண்டி வாசகன்